சுவை காட்டாத நஞ்சு
(பாப்பிரெட்டிப்பட்டியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குடிநீரைப் பற்றிப் பேசத் தமிழாசிரியனுக்கு என்ன உரிமை எனச் சிலர் வினவலாம். பிள்ளைகளின் வாயைப் பார்த்தே பாடஞ்சொல்லி அகவை ஐம்பதைக் கடந்தவன் நான். லகர ளகர ழகரங்களை ஒலிக்கச் சொன்னால், நன்கு படிக்கும் பிள்ளையே கையால் வாயைப் பொத்திக்கொண்டு ஒலிக்கக் கண்டிருக்கிறேன். கையை எடுக்கச் சொன்னால் தலை குனியும். பற்களில் மஞ்சளும் பழுப்புமாய்க் கோடுகள்! அவை பல் துலக்காததால் வந்த அழுக்கல்ல. குடித்த நீரால் வந்த கறை.

நம் முன்னோர் நீரை நன்னீர் என்றும் உவர்நீர் என்றும் சுவையால் பகுத்தனர். அப்பகுப்பு இந்நஞ்சிடம் செல்லாது. புளோரைடு எனும் இந்நஞ்சிற்கு நிறமில்லை, மணமில்லை, நீரில் கலந்திருக்கும் அளவில் சுவையுமில்லை. இனிக்கும் நீரிலும் இருக்கும்; உவர்க்கும் நீரில் இல்லாமலும் போகும். ஆய்வு செய்தாலன்றி அறிய இயலாது.

இஃது எங்கிருந்து வந்தது? எவரும் கொட்டியதன்று. தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களின் அடிநிலம் கருங்கற்பாறை. அப்பாறையின் கனிமங்களில் புளோரைடு உள்ளது. பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கும் நீர் அதனைக் கரைத்துக்கொள்கிறது. 1970களுக்குப் பின் ஊர்தோறும் ஆழ்துளைக் கிணறுகளும் அடிகுழாய்களும் வந்தன. திறந்த கிணற்று நீரால் பரவிய கழிச்சல் நோய்களைத் தடுக்கவே அவை வந்தன, நோக்கம் நன்றே. ஆயினும் ஆழத்து நீரோடு பாறையின் நஞ்சும் மேலேறியது.

ஓர் இலிட்டர் நீரில் 1 மில்லிகிராம் வரை இருப்பின் ஏற்கலாம். வேறு நீரே இல்லாவிடத்து 1.5 மில்லிகிராம் வரை பொறுக்கலாம். இஃது இந்தியத் தர அளவு. அதனை மிகுந்த நீரைப் பல்லாண்டு குடித்தால், எட்டு அகவைக்குள் உருவாகும் பற்பூச்சு கெடும். மேலும் மிகுந்தால் கழுத்தும் முதுகும் முழங்காலும் இறுகும். இறுகிய எலும்பைப் பழைய நிலைக்கு மீட்கும் மருந்தில்லை. வருமுன் காத்தலே வழி. இந்நோயை அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதியில் மருத்துவர்கள் கண்டு எழுதியது 1937ஆம் ஆண்டில்! அறியாமையால் இழந்த காலத்தைவிட, அறிந்தபின் இழந்த காலமே பெரிது.

ஒகேனக்கல்லில் காவிரி பாய்கிறது. அந்நீரை எடுக்க 1998ஆம் ஆண்டிலேயே நடுவணரசின் இசைவு கிட்டியது. அடிக்கல்லோ 2008 பிப்ரவரியில்தான் நடப்பட்டது. கருநாடகத்தில் எதிர்ப்புக் கிளம்ப, அவ்வாண்டு ஏப்பிரலில் பணி சிறிது காலம் நிறுத்தப்பட்டது. பின்னர்ச் சப்பான் நாட்டுக் கடனுதவியோடு ஏறத்தாழ 1,928 கோடி உருபாவில் பணி நடந்து, 2013 மே மாதம் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. 1998இல் பிறந்த குழந்தைக்கு அப்பொழுது அகவை பதினைந்து. அக்குழந்தையின் பற்பூச்சு உருவாகி முடிந்து ஏழாண்டுகள் கழிந்திருந்தன! அரசுகளின் காலத்தாழ்வை ஆண்டுகளால் அளப்பதைவிட இப்படிப் பிள்ளைகளின் பற்களால் அளப்பதே பொருத்தம்.

ஆற்றுநீர் வந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று உறங்கலாமா? கூடாது. ஆற்றுநீர் போதாதபொழுது மேனிலைத் தொட்டியில் ஆழ்துளை நீரையும் ஏற்றிக் கலப்பின் என்னாகும்? கணக்கிட்டுப் பாருங்கள். 3 மில்லிகிராம் உள்ள நீரோடு அரை மில்லிகிராம் உள்ள ஆற்றுநீரைச் சமமாய்க் கலந்தால் 1.75 வரும். எல்லையைக் கடந்துவிட்டது! குழாய் புதிது, நஞ்சு பழையது.

வெந்நீராக்கினால் தீங்கு அகலும் என்கின்றனர் சிலர். நோய்க்கிருமி சாகும், புளோரைடு சாகாது. நீர் ஆவியாகச் சுண்டச் சுண்ட அது செறியவே செய்யும். ஆகவே குடிக்க ஆற்றுநீர், உலை வைக்க ஆழ்துளை நீர் என்னும் வழக்கத்தைத் தாய்மார்கள் இன்றே கைவிட வேண்டும். சோறும் குழம்பும் கொதிக்கும் நீரும் குடிநீரே. நஞ்சு மிக்க நீர் துணி துவைக்கவும் கலம் கழுவவும் போதும்.

உணவிலும் காப்புண்டு. பாலும் கேழ்வரகும் கீரையும் தரும் சுண்ணச்சத்து, புளோரைடு உடலில் ஏறுவதைக் குறைக்கும். அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த தகடூர் நாடு இது; அந்நெல்லியை நம் பிள்ளைகளுக்கும் கொடுப்போம். ஆயினும் உணவு துணையே, நன்னீருக்கு மாற்றன்று.

இறுதியாக ஒன்று. நம் ஊர்களின் ஒவ்வோர் அடிகுழாயிலும், ஒவ்வொரு மேனிலைத் தொட்டியிலும், அந்நீரின் புளோரைடு அளவைத் தமிழில் எழுதி வைக்குமாறு ஊராட்சி மன்றக் கூட்டத்தில் எழுந்து நின்று கேளுங்கள். எழுதிய அளவைப் பிள்ளைகள் படிப்பார்கள். படித்த பிள்ளைகள் வீட்டில் சொல்வார்கள். சுவை காட்டாத நஞ்சை எழுத்தாவது காட்டிக் கொடுக்கட்டும்! இனிப் பிறக்கும் பிள்ளையேனும் கையால் வாய் பொத்தாமல் தமிழ் படிக்கட்டும்!