ராத்திரி டியூட்டியில் கூட யார்?



நீட் பி.ஜி. முடிவு வந்துவிட்டால், எம்.பி.பி.எஸ். முடித்த பிள்ளை உள்ள வீட்டில் ஒரே பேச்சுதான்: கவுன்சலிங்கில் எந்தக் கல்லூரியை முதலில் போடுவது? போன வருஷம் எந்த ரேங்க் வரை சீட் கிடைத்தது என்று பார்த்துப் பலரும் முடிவெடுத்து விடுகிறார்கள். குழந்தைகள் நல மருத்துவத்தில் எம்.டி. படிக்கப் போகிறவருக்கு அது போதாது. மூன்று வருஷம் அவர் இருக்கப்போவது வகுப்பறையில் அல்ல, வார்டில்.

நம் வடசென்னையையே எடுத்துக்கொள்வோம். கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று பெரியவர்கள் சொல்லும் ஸ்டான்லி, 1782இல் பஞ்ச காலத்தில் தொடங்கிய மணியக்காரர் சத்திரத்தின் வழி வந்தது. 1938இல் மருத்துவக் கல்லூரி ஆனது. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர், மணலி என்று துறைமுகமும் தொழிற்சாலைகளும் சூழ்ந்த பகுதி மக்களுக்குப் பழகிய ஆஸ்பத்திரி. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம் மக்கள் மூச்சுத்திணறலோடு வீட்டைவிட்டு ஓடினார்களே, அந்த மாதிரி ஊர்களின் பிள்ளைகளைப் பார்க்கிற இடத்தில் கற்றுக்கொள்ள நிறைய உண்டு. ஆனால் கூட்டம் தானாகக் கற்றுக்கொடுக்காது.

ஓர் இரவை நினைத்துப் பாருங்கள். மணி இரண்டு. இளைப்போடு எட்டு மாதக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓர் அம்மா வருகிறார். முதல் வருஷ பி.ஜி. டாக்டர் சட்டையை விலக்கி, முழுசாக ஒரு நிமிஷம் மூச்சை எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. அதைத் தொட்டாலே வேக மூச்சு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இது புத்தகத்தில் இருக்கிறது. மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுகிறதா, குழந்தை அழுகை நின்று அமைதியானதா அல்லது களைத்துப்போய்த் துவண்டதா, நெபுலைசர் போதுமா, ஐ.சி.யூ.வுக்கே போக வேண்டுமா? இதையெல்லாம் பக்கத்தில் நின்று காட்டித்தர ஒரு சீனியர் வேண்டும்.

அதனால் விண்ணப்பிப்பதற்கு முன் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: ராத்திரியில் முதல் வருஷத்தாரோடு யார் இருக்கிறார்? உதவிப் பேராசிரியர் வார்டிலேயே இருக்கிறாரா, போனில் மட்டும் கிடைப்பாரா?

இரண்டாவது, பச்சிளங்குழந்தைப் பயிற்சி. ஸ்டான்லியைச் சேர்ந்த மகப்பேறு மருத்துவமனையான ஆர்.எஸ்.ஆர்.எம்., ராயபுரத்தில் தனி வளாகம். இப்படி இரண்டு இடம் உள்ள கல்லூரி என்றால், எந்த வருஷம் எத்தனை மாதம் எங்கே போடுகிறார்கள் என்று கேளுங்கள். தனியார் மருத்துவமனையில் எம்.டி.க்கு இணையான டி.என்.பி. படிப்பதென்றால் கேள்வி வேறு: ஒரு கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஊசி ஏற்றவும், மூச்சுக்குழாய் போடவும் பயிற்சி மருத்துவரின் கைக்கு வாய்ப்பு வருமா?

மூன்றாவது, ஓய்வு. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிகள், நியாயமான வேலை நேரமும், வார விடுமுறையும், ஆண்டுக்குக் குறைந்தது 20 நாள் தற்செயல் விடுப்பும் சொல்கின்றன. வார விடுமுறைக்குப் பணி நெருக்கடியைப் பொறுத்து என்று ஒரு விலக்கும் உண்டு. அந்த விலக்கு எத்தனை வாரம் நீள்கிறது என்பதை அங்கே படிப்பவர்தான் சொல்ல முடியும். தூங்காத டாக்டர் மருந்தளவில் தப்பு செய்யலாம். குழந்தையின் எடையைக் கிலோ கணக்கில் பார்த்து மருந்து கொடுக்கும் துறையில் ஒரு தசமப் புள்ளி இடம் மாறினால் பத்து மடங்கு.

இதையெல்லாம் விசாரிக்கக் கல்லூரிக்குப் போனால், துறைத் தலைவரைப் பார்த்து வணக்கம் சொல்லுங்கள். ஆனால் கேள்விகளை இரண்டாம் வருஷ மாணவரிடம் கேளுங்கள். முதல் வருஷத்தாருக்கு எல்லாமே மலைப்பு, மூன்றாம் வருஷத்தாருக்குப் பரீட்சைக் கவலை. ஓ.பி. முடிந்த மத்தியானம் கேன்டீனில் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். கேஸ் டிஸ்கஷன் வாராவாரம் நடக்கிறதா, பெயருக்குத்தானா? தீசிஸுக்கு வழிகாட்டி நேரம் ஒதுக்குகிறாரா? ஒரு குழந்தை இறந்தால், மறுநாள் ஏன் என்று உட்கார்ந்து பேசுகிறார்களா, அல்லது ஜூனியரைத் திட்டிவிட்டு முடித்துக்கொள்கிறார்களா? கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதில் அந்தத் துறையின் குணத்தைக் காட்டிவிடும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. ஸ்டைபண்டு எவ்வளவு, பாண்ட் எத்தனை வருஷம் என்பதை அவசியம் விசாரியுங்கள். கூடவே, ராத்திரி இரண்டு மணிக்குச் சந்தேகம் வந்தால் உன்னால் யாரை எழுப்ப முடியும் என்று பிள்ளையிடம் கேளுங்கள். பதிலாக ஒரு பெயர் வந்தால் அந்தக் கல்லூரியை முதலில் போடலாம்.