மலத்தில் இரத்தம்: இழையம் சொல்வதும் நாம் சொல்ல வேண்டியதும்



முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிலாவத்துறைக் கரையில் சில வாரங்களுக்கு ஒரு நகரமே எழும்பி அடங்கும். குடிதண்ணீரும் மனிதக் கழிவும் அருகருகே கிடந்த அந்தக் குடிசைகளுக்குள் வாந்திபேதி புகுந்தால் ஆட்கள் படகுகளை விட்டு ஓடினார்கள். குடல்நோய் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. மலத்தில் இரத்தம் போவது பற்றிய இந்தக் கருத்தரங்கு இங்கே, சிலாவத்துறையில், நடப்பது எனக்கு நிறைவைத் தருவதும் அதனாலேதான்.

மலத்துடன் இரத்தம் போனால் எங்கள் ஊர்களில் முதலில் வாயில் வருவது ‘மூலம்’. வெட்கத்தால் அதை வெளியே சொல்லாமல் மாதக்கணக்கில் நாட்டுமருந்தோடு இருப்பவர்கள் பலர். மூலம்தான் என்று விரலாலும் புரொக்டோஸ்கோப்பாலும் பார்த்து உறுதிசெய்த இளவயதினருக்குப் பயொப்சி தேவையில்லை. ஆனால் 50 வயதைக் கடந்தவருக்கு மலம் போகும் வழக்கம் மாறி, உடலும் மெலிந்தால், மூலம் கண்ணுக்குத் தெரிந்தாலும் அதற்கு மேலே பெருங்குடலைப் பார்த்தே ஆகவேண்டும். மூலமும் புற்றுநோயும் ஒரே ஆளிடம் இருப்பதற்குத் தடை எதுவும் இல்லை.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பவர் வேறொருவர். வயது இருபத்தைந்து முப்பது. பல வாரமாகச் சளியும் இரத்தமுமாக வயிற்றுளைவு. கொலனோஸ்கோப்பியில் சிவந்த, புண்பட்ட குடல் தெரிகிறது. அது அல்சரேற்றிவ் கொலைற்றிஸா, குரோன் நோயா, குடற் காசநோயா, அமீபாவா? கண்ணால் மட்டும் பார்த்துப் பிரிக்க அனுபவசாலிகளும் தயங்குவார்கள். முதலிரண்டுக்கும் ஸ்டீரொயிட் கொடுக்கிறோம். அதே ஸ்டீரொயிட்டை அமீபா தின்றுகொண்டிருக்கும் குடலுக்குக் கொடுத்தால் குடல் துளைபட்டு உயிரே போகலாம். காசநோயென்றால் அது உடலெங்கும் பரவலாம்.

இங்கேதான் பயொப்சியில் எடுக்கும் இரண்டு மூன்று மில்லிமீற்றர் இழையத் துண்டின் பெறுமதி. நாட்பட்ட கொலைற்றிஸில் குடற்சுரப்பிகள் கிளைவிட்டு ஒழுங்கு குலைந்திருக்கும்; அவற்றின் அடியில் பிளாஸ்மாக் கலங்கள் திரண்டிருக்கும். சில நாளில் தானாக மாறும் கிருமித்தொற்றில் அழற்சி எவ்வளவு கடுமையாக இருந்தாலும் சுரப்பிகளின் வரிசை பெரும்பாலும் கெடாது. புண்ணின் மேலுள்ள சீழ்ப்படையில், செங்குருதிக் கலங்களை விழுங்கிய அமீபாவைக் காணலாம். பயொப்சி எடுப்பவர் புண்ணின் விளிம்போடு அந்தப் படையையும் சேர்த்து எடுக்கவேண்டும். படையைக் கழுவித் தள்ளிவிட்டால் அமீபாவும் அதோடு போய்விடும்.

வடக்கில் அமீபாவை மறக்க எங்களுக்கு உரிமையில்லை. யாழ்ப்பாணத்தில் ஈரல் சீழ்க்கட்டியோடு வந்த நோயாளிகளை ஆராய்ந்து, காரணம் என்டமீபா ஹிஸ்ரொலிற்றிக்காதான் என்று மூலக்கூற்று முறையில் உறுதிசெய்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. ஈரலுக்குப் போகும் அமீபா குடல்வழியாகவே போகிறது. மறுபுறம், அழற்சிக் குடல்நோய் வெள்ளைக்காரர் நாடுகளுக்கு மட்டும் உரியது என்ற எண்ணமும் பிழை. கொழும்பு, கம்பஹா மாவட்டங்களில் நடந்து 2010இல் வெளியான ஆய்வு, அல்சரேற்றிவ் கொலைற்றிஸ் இலட்சம் பேரில் 5.3 பேருக்கு இருப்பதாகக் கணித்தது. ஆகவே இரண்டையும் மனதில் வைத்தே ஒவ்வொரு நோயாளியையும் அணுகவேண்டும்.

கண்ணாடித் தகட்டைப் பார்க்கும் நோயியலாளர் நோயாளியைக் காண்பதில்லை. ‘பெருங்குடல் பயொப்சி’ என்று மட்டும் எழுதிய கடிதத்தோடு, எல்லாத் துண்டையும் ஒரே போத்தலில் போட்டு அனுப்பினால் அவரால் ‘நாட்பட்ட அழற்சி’ என்பதற்கு மேல் எதைச் சொல்ல முடியும்? புண் உள்ள இடத்திலும் நன்றாகத் தெரியும் இடத்திலும், மலக்குடலிலும் சிறுகுடல் நுனியிலும் தனித்தனியாக எடுத்துத் தனித்தனிப் போத்தலில் இடுங்கள். துண்டைவிடப் பத்து மடங்காவது போமலின் இருக்கட்டும். சேலைனில் போட்டுவிட்டு வாகனத்துக்காகக் காத்திருந்தால் இழையம் அழுகிவிடும். எத்தனை வாரமாக இரத்தம் போகிறது, எந்த மருந்து எடுத்தார், வீட்டில் யாருக்காவது காசநோய் உண்டா, முன்பு கதிர்ச் சிகிச்சை பெற்றவரா என்பதைக் கடிதத்தில் எழுதுங்கள். காசநோய்ச் சந்தேகமிருந்தால் ஒரு துண்டைப் போமலினில் போடாமல் வளர்ப்புப் பரிசோதனைக்கு ஒதுக்குங்கள்.

நோயாளியின் நிலை மிகவும் கடுமையாக இருந்தால் சிகிச்சையைத் தாமதிக்கச் சொல்லவில்லை. அப்போதும் மலக்குடலில் இரண்டு துண்டு எடுக்கச் சில நிமிடங்கள் போதும். அதே நேரத்தில் புதிய மலத்தையும் நுணுக்குக்காட்டியில் பார்த்துவிடலாம்.

ஓர் இரத்தப்போக்கு நோயாளியை இங்கிருந்து மன்னாருக்கு அனுப்பும்போது கூடவே போகவேண்டிய கடிதத்துக்கு ஒரு பொது மாதிரியை இன்று மாலைக்குள் நாம் எழுதி முடிக்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டு, முதற் கட்டுரையாளரை அழைக்கிறேன்.