கம்பியில்லா இணையத்துக்குக் கம்பியே துணை

நொடிக்கு 100 மெகாபிட்டோ அதற்கு மேலோ வேகம் தரும் ஒளியிழை இணைப்பு வாசல் வரை வந்து சேர்ந்த பின்னும், மாடியறையில் பாடம் கேட்கும் மாணவருக்கு ஆசிரியரின் குரல் விட்டுவிட்டுக் கேட்பதும், உள்ளறையில் படுத்திருக்கும் முதியவர் இ-சஞ்சீவனி போன்ற சேவை வழியாக மருத்துவரிடம் பேசும்போது தொடர்பு அறுந்துபோவதும் பல வீடுகளில் இன்று காணப்படும் நிலையாகும். இதற்கு இணைய நிறுவனமே காரணம் என்று கருதி, மாதக் கட்டணத்தைக் கூட்டிக்கொண்டு இன்னும் வேகமான திட்டத்துக்கு மாறுவோர் பலர். ஏரி நிரம்பியிருந்தும் கடைமடை வயல் காய்ந்தால், உழவர் முதலில் சென்று பார்ப்பது வாய்க்காலைத்தான். வீட்டு இணையத்திலும் குறை பெரும்பாலும் இணையப் பெட்டியிலிருந்து அறைக்குச் செல்லும் வழியில் இருக்கிறது. அலைகளைப் பரப்பும் வேலையை அது தேவைப்படும் அறைக்கு அருகே நகர்த்துவதும், அதுவரை இணையத்தைக் கம்பியில் கொண்டுசெல்வதுமே அதற்கு நிலையான தீர்வு என்பதை விளக்குவது இவ்வுரையின் நோக்கம்.

ஒளியிழை வந்து முடியும் இடத்தில் சுவரில் மாட்டப்படும் பெட்டியை மோடம் என்றோ ரூட்டர் என்றோ மக்கள் அழைத்தாலும், அந்த ஒரே பெட்டிக்குள் நான்கு வேறுபட்ட வேலைகள் நடைபெறுகின்றன. முதலாவது, இழையில் வரும் ஒளித்துடிப்புகளை மின்குறிகளாக மாற்றுவது. இரண்டாவது, ரூட்டரின் வேலை: நிறுவனம் வீட்டுக்கு அளிக்கும் இணைய முகவரியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் 192.168 என்று தொடங்குவது போன்ற ஓர் உள்முகவரியை வழங்கி, வெளியிலிருந்து வரும் தகவல் எந்தக் கருவிக்குரியது என்று அறிந்து பிரித்தனுப்புவது. மூன்றாவது, கம்பி வழியே இணையும் கருவிகளை ஒன்றோடொன்று கோக்கும் சுவிட்சின் வேலை. நான்காவது, அக்சஸ் பாயிண்ட் எனப்படும் அணுகல் முனையின் வேலை: கம்பியில் வந்த தகவலை வானொலி அலைகளாக மாற்றிப் பரப்புவதும், கருவிகள் திருப்பி அனுப்பும் அலைகளைப் பெறுவதும். முதல் மூன்று வேலைகளும் பெட்டி வீட்டின் எந்த மூலையில் இருந்தாலும் செவ்வனே நடக்கும். நான்காவது வேலைக்கோ இடம்தான் முதன்மையானது. இழை நுழைவதற்கு வசதியான இடம் வாசல் பக்கத்துச் சுவராகவோ தொலைக்காட்சி அலமாரியாகவோ அமைந்துவிடுவதால், அலைகளைப் பரப்புவதற்குச் சற்றும் பொருந்தாத இடத்திலிருந்து அவை புறப்பட வேண்டியதாகிறது.

வைஃபையின் அலைகள் பெரும்பாலும் இரண்டு அதிர்வெண் பகுதிகளில் இயங்குகின்றன. அதிர்வெண் என்பது ஓர் அலை நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்னும் கணக்கு. 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் அலையின் நீளம் ஏறத்தாழ 12.5 சென்டிமீட்டர், 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் ஏறத்தாழ 6 சென்டிமீட்டர். முன்னது சுவர்களை ஓரளவு ஊடுருவிச் செல்லும், ஆனால் அதில் இடம் குறுகல். பின்னதில் இடம் தாராளம், ஆனால் சுவருக்குச் சுவர் அது விரைவாக மெலிந்துவிடும். தடையற்ற வெளியிலேயே தொலைவு இருமடங்கானால் அலையின் வலிமை நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. செங்கல் சுவரும், அதைவிட மிகுதியாகக் கம்பி கட்டிய கான்கிரீட் தளமும், எஞ்சியதையும் விழுங்குகின்றன. கீழ்த்தளத்திலிருந்து மாடிக்குச் செல்லும் 5 கிகாஹெர்ட்ஸ் அலை ஒரு கான்கிரீட் தளத்தைக் கடக்கும்போதே நூற்றில் ஒரு பங்காகிவிடக்கூடும். மரச்சட்டங்களும் மெல்லிய பலகைகளும் கொண்டு கட்டப்படும் அமெரிக்க வீடுகளில் ஒரே பெட்டி பல அறைகளுக்குப் போதுமானதாக இருப்பதையும், ஒன்பது அங்குலச் செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் கொண்ட தமிழ்நாட்டு வீடுகளில் அதே பெட்டி இரண்டாம் அறையிலேயே தளர்வதையும் இதனால் புரிந்துகொள்ளலாம்.

இந்த அலைப்பகுதிகளை உரிமம் இன்றி எவரும் பயன்படுத்தலாம். அமெரிக்காவின் தகவல் தொடர்பு ஆணையம் 1985-இல் இதற்கு வழி திறந்ததும், 1997-இல் 802.11 என்னும் முதல் தரநிலை நொடிக்கு 2 மெகாபிட் வேகத்துடன் வெளிவந்ததும், இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதி 2005-இலும், 5 கிகாஹெர்ட்ஸ் பகுதி விரிவான அளவில் 2018-இலும் உரிமத்திலிருந்து விடுவிக்கப்பட்டதும் வைஃபை எளியோர் வீடு வரை பரவக் காரணமாயின. எல்லோருக்கும் பொது என்பதால் எல்லோரும் பகிர்ந்துகொள்ள வேண்டியதும் ஆகிறது. பகிர்வதற்கான வழியைத் தொடக்கத்தில் வகுத்தவர்களுள் ஒருவர் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் நார்மன் ஏப்ராம்சன். தீவுகளில் சிதறிக் கிடந்த முனையங்கள் ஒரே வானொலி அலைவரிசை வழியாக மையக் கணினியுடன் பேசும் அலோகாநெட் என்னும் வலையமைப்பை அவருடைய குழு 1971-இல் இயக்கிக் காட்டியது. இரு முனையங்களின் செய்திகள் மோதிக்கொண்டால், ஒவ்வொன்றும் வெவ்வேறு நேரம் காத்திருந்து மீண்டும் அனுப்பும் என்பதே அதன் விதி. வைஃபை அந்த விதியை மேலும் செம்மைப்படுத்தி, முதலில் அலைவரிசையை உற்றுக்கேட்டு, யாரும் பேசவில்லை என்று உறுதியான பிறகே பேசுமாறு கருவிகளைப் பணிக்கிறது.

ஒரு தடத்தில், அதாவது ஓர் அலைவரிசையில், ஒரு நேரத்தில் ஒரு கருவி மட்டுமே பேச முடியும் என்னும் இவ்விதியிலிருந்து, பலர் கவனிக்கத் தவறும் ஒரு விளைவு பிறக்கிறது. அலை வலுவாகக் கிடைக்கும் கருவி நொடிக்கு 600 மெகாபிட் வேகத்தில் பேசுகிறது என்றும், மூன்று சுவர்களுக்கு அப்பால் உள்ள கருவி பிழையின்றிக் கேட்பதற்காக 6 மெகாபிட் வேகத்துக்கு இறங்கிவிடுகிறது என்றும் கொண்டால், ஒரே அளவுள்ள தகவலைப் பெறுவதற்கு இரண்டாவது கருவி ஏறத்தாழ நூறு மடங்கு நேரம் அந்தத் தடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதுவரை பெட்டியின் அருகில் அமர்ந்திருப்பவரும் காத்திருக்கத்தான் வேண்டும். எனவே, கடைசி அறைக்கு நல்ல அலை கிடைக்கச் செய்வது அந்த அறையில் இருப்பவருக்கு மட்டுமன்றி, வீட்டிலுள்ள அனைவருக்கும் செய்யும் நன்மையாகும்.

பெட்டியின் ஒலிபரப்பு வலிமையைக் கூட்டினால் போதாதா என்னும் கேள்வி இங்கு எழுவது இயல்பு. கேட்பது மட்டுமே நேயரின் வேலையாக இருக்கும் வானொலியில் அது பயன் தரும். வைஃபையிலோ பேச்சு இருவழிப்பட்டது. ஒவ்வொரு தகவல் துணுக்கும் வந்து சேர்ந்தது என்று கைப்பேசி மறுமொழி அனுப்ப வேண்டும். சிறிய மின்கலத்தால் இயங்கும் கைப்பேசியின் ஒலிபரப்பு வலிமை பெட்டியினுடையதைவிடப் பெரும்பாலும் குறைவு. ஆகையால், திரையில் அலைக்கோடுகள் நிறைந்து தெரிந்தும் இணையம் நகராத நிலை ஏற்படுகிறது. பல அலைவாங்கிகள் நீட்டிக்கொண்டிருக்கும் விலையுயர்ந்த ரூட்டரும் இந்த வரம்பை முழுமையாகக் கடக்க இயலாது.

இதனாலேயே அலுவலகங்களும் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் ரூட்டரை ஓரிடத்தில் வைத்துவிட்டு, அக்சஸ் பாயிண்டுகளைத் தனித்தனியே பல இடங்களில் பொருத்துகின்றன; அதே முறை வீட்டுக்கும் பொருந்தும். ரூட்டரிலிருந்து மாடிக்கோ உள்ளறைக்கோ ஓர் ஈதர்நெட் கம்பி செல்கிறது. அதன் மறுமுனையில் ஓர் அக்சஸ் பாயிண்ட் அமைகிறது. நான்கு இணைச் செப்பு இழைகள் முறுக்கிச் சேர்க்கப்பட்ட இக்கம்பி, 100 மீட்டர் தொலைவு வரை நொடிக்கு 1 கிகாபிட் வேகத்தைக் குறைவின்றிக் கொண்டுசெல்லும். சுவரும் தளமும் அதற்குத் தடையல்ல. கடையில் கேட் 5இ அல்லது கேட் 6 என்று கேட்டு வாங்கும்போது, அலுமினியத்தின் மேல் செப்புப் பூசிய மலிவான கம்பியைத் தவிர்த்து முழுச் செப்புக் கம்பியைத் தேர்வது நலம். 2003-இல் தரப்படுத்தப்பட்ட ஒரு முறையின்படி, அக்சஸ் பாயிண்டுக்குத் தேவையான மின்சாரத்தையும் 15.4 வாட் அளவு வரை இதே கம்பியில் அனுப்ப முடிவதால், மின்செருகி இல்லாத கூரையின் நடுவிலும் அதைப் பொருத்தலாம். ரூட்டரும் மின்சாரம் ஊட்டும் கருவியும் இன்வெர்ட்டரின் இணைப்பில் இருந்தால், மின்வெட்டின்போதும் வீடு முழுவதும் வைஃபை நிலைத்திருக்கும்.

எத்தனை அக்சஸ் பாயிண்டுகள் தேவை என்பதைச் சதுர அடியைவிடச் சுவர்களே தீர்மானிக்கின்றன. இரு தளங்கள் கொண்ட வீட்டுக்குத் தளத்துக்கு ஒன்று என்பது நல்ல தொடக்கம். மக்கள் மிகுதியாக அமரும் இடத்துக்கு அருகில், உயரத்தில், இரும்பு அலமாரி, குளிர்பதனப் பெட்டி, நிலைக்கண்ணாடி, நீர்த்தொட்டி ஆகியவற்றிலிருந்து விலகி அது இருக்க வேண்டும். ஏனெனில் உலோகம் அலையைத் திருப்பிவிடும், நீர் அதை உறிஞ்சிக்கொள்ளும். 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இந்தியாவில் 13 தடங்கள் இருந்தாலும், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் அருகருகே இயங்கக்கூடியவையாக வழக்கமாகக் கொள்ளப்படுபவை 1, 6, 11 ஆகிய மூன்றே. ஆகவே, ஒரு தளத்துக்கு 1, அடுத்ததற்கு 6 என்று பிரித்துக்கொடுப்பதும், இப்பகுதியில் தடத்தின் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் அளவிலேயே நிறுத்துவதும், மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத்தும் இங்கேயே இயங்குவதால் கூடுமான வரை கைப்பேசிகளையும் கணினிகளையும் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இணைப்பதும் சிறந்த நடைமுறைகளாகும்.

எல்லா அக்சஸ் பாயிண்டுகளுக்கும் ஒரே வைஃபைப் பெயரும் ஒரே கடவுச்சொல்லும் ஒரே பாதுகாப்பு முறையும் அமைத்தால், வீட்டில் நடமாடுபவரின் கைப்பேசி ஒன்றை விட்டு மற்றொன்றுக்குத் தானாகவே மாறிக்கொள்ளும். எப்போது மாறுவது என்று முடிவெடுப்பது கைப்பேசியே. பழைய அக்சஸ் பாயிண்டின் அலை ஓரளவு கேட்கும் வரை அது அதையே பற்றிக்கொண்டிருக்க முனையும். ஆகவே, அருகருகே உள்ளவற்றின் ஒலிபரப்பு வலிமையைச் சற்றுக் குறைத்து வைத்தால் மாற்றம் உரிய நேரத்தில் நிகழும். வலிமையைக் குறைப்பதால் சேவை மேம்படுவது முரணாகத் தோன்றினாலும், வலிமை மிக்க ஒரே பெட்டியை நம்பியிராமல் மென்மையாகப் பேசும் பலவற்றை அருகருகே வைப்பதே இம்முறையின் அடிப்படை.

புதிதாக அக்சஸ் பாயிண்ட் ஏதும் வாங்காமலும் இதைச் செய்யலாம். பல வீடுகளில் பழைய ரூட்டர் ஒன்று பயனற்றுக் கிடக்கிறது. அதைக் கம்பியின் மறுமுனையில் அப்படியே செருகினால், இரண்டு ரூட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக முகவரி மாற்றும் வேலையைச் செய்ய, மாடியில் உள்ள கணினியால் கீழே உள்ள அச்சுப்பொறியைக் கண்டறிய முடியாதது போன்ற சிக்கல்கள் எழும். இதைத் தவிர்க்க, அந்தப் பழைய ரூட்டரின் அமைப்புகளில் அக்சஸ் பாயிண்ட் நிலை இருந்தால் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்நிலை இல்லையெனில், முதன்மை ரூட்டரின் முகவரி 192.168.1.1 என்றால் பழையதற்கு 192.168.1.2 போன்று வேறு எந்தக் கருவிக்கும் வழங்கப்படாத முகவரியைக் கொடுத்து, கருவிகளுக்கு உள்முகவரி வழங்கும் டி.எச்.சி.பி. என்னும் பணியை அதில் நிறுத்திவிட்டு, முதன்மை ரூட்டரிலிருந்து வரும் கம்பியை இணையம் உள்ளே வருவதற்கான அதன் வான் (WAN) துளையில் செருகாமல், வீட்டுக் கருவிகளை இணைப்பதற்கான லான் (LAN) துளைகளுள் ஒன்றில் செருக வேண்டும். இவ்வாறு செய்தால் ரூட்டர் என்னும் பொறுப்பை அது கைவிட்டு, அக்சஸ் பாயிண்டாக மட்டுமே பணியாற்றும். ஆயினும், உற்பத்தியாளர் பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திவிட்ட மிகப் பழைய கருவியையும், டபிள்யு.பி.ஏ.2 என்னும் பாதுகாப்பு முறையைக்கூட ஏற்காத கருவியையும் மீண்டும் பயன்படுத்துவது தகாது.

கம்பி இழுக்க இயலாத வாடகை வீடுகளில் ரிப்பீட்டரும் மெஷ் கருவிகளும் கைகொடுக்கின்றன. ரிப்பீட்டர் என்பது கேட்ட தகவலைத் திரும்பச் சொல்லும் கருவி. ஒரே தடத்தில் கேட்பதும் சொல்வதும் மாறிமாறி நடப்பதால், கிடைக்கும் வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது. தமக்குள் பேசிக்கொள்வதற்கென்றே தனி அலைப்பகுதியை ஒதுக்கிக்கொள்ளும் மெஷ் கருவிகள் இக்குறையைப் பெரிதும் தணிக்கின்றன. எனினும், இவற்றை அலை ஏற்கெனவே நலிந்துவிட்ட அறையில் வைத்துப் பயனில்லை. நல்ல அலை இன்னும் கிடைக்கும் நடுவழியில் வைத்தால்தான் அவற்றால் எதையேனும் முன்னெடுத்துச் செல்ல முடியும்.

செலவு செய்யும் முன் குறை எங்குள்ளது என்று சோதிப்பது அறிவுடைமை. முதலில் கணினியை ரூட்டருடன் கம்பியால் இணைத்து வேகத்தை அளக்க வேண்டும். அங்கேயே வேகம் குறைவாக இருந்தால் புகார் செய்ய வேண்டியது நிறுவனத்திடம். அங்கு வேகம் சரியாக இருந்து அறையில் மட்டும் குறைந்தால் குறை வீட்டுக்குள் உள்ளது. அப்போதும் பெட்டியை அலமாரிக்குள்ளிருந்து வெளியே எடுத்து உயரத்தில் வைப்பதே முதல் மருந்து. அது போதாத இடத்தில்தான் அக்சஸ் பாயிண்ட் தேவைப்படுகிறது. கம்பியை மின்கம்பிகள் செல்லும் குழாயில் சேர்க்காமல் தனிக்குழாயில் கொண்டுசெல்வதும், ஒரு கட்டடத்திலிருந்து மற்றொரு கட்டடத்துக்குத் திறந்த வெளியில் செல்ல நேர்ந்தால், இடியும் மின்னலும் கருவிகளைத் தாக்காதிருக்கச் செப்புக்கு மாற்றாக ஒளியிழையைப் பயன்படுத்துவதும் கட்டாயமான பாதுகாப்பு நெறிகள்.

புதிதாக வீடு கட்டுவோர் இவ்விடத்தில் சிறப்பாகக் கவனம் செலுத்த வேண்டும். சுவர் பூசுவதற்கு முன் தளத்துக்கு ஒன்றாக வெற்றுக்குழாய் பதிப்பதற்கு ஆகும் செலவு, கட்டி முடித்த சுவரைப் பின்னால் உடைப்பதற்கு ஆகும் செலவில் மிகச் சிறு பகுதியே. வைஃபையின் தரநிலைகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறுகின்றன, பழைய கருவிகள் ஒதுக்கப்படுகின்றன. கம்பியோ நீண்ட காலம் உழைக்கிறது. 1999-இல் இவ்வகைச் செப்புக் கம்பியில் நொடிக்கு 1 கிகாபிட் அனுப்பும் தரநிலை வந்தது; 2016-இல் வந்த மற்றொரு தரநிலை கேட் 5இ கம்பியிலேயே 2.5 கிகாபிட் அனுப்பச் செய்தது. இன்று பதிக்கப்படும் கம்பியின் முனையில் நாளை எந்தத் தலைமுறை அக்சஸ் பாயிண்டையும் மாற்றிப் பொருத்திக்கொள்ளலாம். ஆகவே, அடுத்த மாதக் கட்டணத்தை உயர்த்துவதற்கு முன், கடைசி அறை வரை ஒரு கம்பியைக் கொண்டுசெல்வதற்கு அத்தொகையைச் செலவிடுவது, அந்த அறையில் படிக்கும் பிள்ளைக்கும் ஓய்வெடுக்கும் முதியவருக்கும் பல ஆண்டுகள் பயன் தரும்.