வேனிற்காலமும் ஊர்த்தலைமையும்



ஓர் ஊரின் தலைமையை அளந்து பார்ப்பதற்குத் தேர்தற்காலம் ஏற்ற காலமன்று, வேனிற்காலமே ஏற்றது. மழை பெய்து ஏரி நிரம்பியிருக்கையில் எவர் தலைவராயிருப்பினும் ஊர் நடந்தேறும். பங்குனி கழிந்து சித்திரை பிறந்து, கிணற்றடியில் கயிறு நீண்டுகொண்டே போகும்போதுதான், எந்தத் தெருக் குழாயில் முதலில் நீர் வருகிறது, எந்தத் தெருக் குழாய் காய்ந்து கிடக்கிறது என்பது கண்ணுக்குப் புலனாகும். ஊர் என்று ஒன்று உண்மையிலேயே இருக்கின்றதா, ஒரே பெயர்ப்பலகையின் கீழ் இரண்டு ஊர்கள் இருக்கின்றனவா என்பதும் அப்போதே வெளிப்படும். தலைமை நாற்காலியில் அமர்ந்தவர் வேனிலில் எண்ணிப் பார்க்க வேண்டுவது, நீர் எவ்வளவு என்பதை மட்டுமன்று. அந்நீர் யார் யாருக்கு என்பதையுமாகும்.

மராட்டிய நாட்டுக் கொங்கணக் கரைப் பகுதியில் மகத் என்றொரு சிறு நகரம் உண்டு. அந்நகர் நடுவே சவுதார் என்னும் குளம். நகராட்சிக்குரிய அக்குளத்தில் மேற்சாதியார் நீர் முகந்தனர், முசுலிம்கள் முகந்தனர், கிறித்தவர்கள் முகந்தனர், ஆடுமாடுகளும் குடித்தன. தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட மக்கள் மட்டும் அதில் கைவைக்கலாகாது. மாட்டுக்கு உரிய நீர் மாந்தனுக்கு உரியதன்று என்னும் இவ்வறிவை எந்த நூல் கற்பித்ததோ!

1923 ஆகத்து மாதத்தில், போலே என்பார் கொண்டுவந்த தீர்மானம் ஒன்றைப் பம்பாய்ச் சட்டமன்றம் ஏற்றது. பொதுப்பணத்தில் கட்டிக் காக்கப்பெறும் நீர்நிலைகள், கிணறுகள், பள்ளிகள், அலுவலகங்கள் யாவும் ஒதுக்கப்பட்ட மக்களுக்கும் திறந்திருத்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. அதனையொட்டி 1924 சனவரியில் மகத் நகராட்சியும் சவுதார்க் குளம் அனைவர்க்கும் உரியதென்று தீர்மானம் நிறைவேற்றியது. நல்ல செய்திதான். ஆனால் அத்தீர்மானம் ஏட்டிலேயே உறங்கியது. மூன்று வேனில்கள் வந்து போயின; ஒதுக்கப்பட்டோர் ஒருவரும் குளத்தில் இறங்கவில்லை. இறங்கவிடவில்லை என்பதே சரி. எழுத்தில் உரிமை கொடுத்த நகராட்சி, அவ்வுரிமையோடு படித்துறை வரை நடந்து வருவதற்கு ஓர் ஆளைக்கூட அனுப்பவில்லை.

இந்நிலையில், நகராட்சித் தலைவராயிருந்த சுரேந்திரநாத் திப்னிசு என்பார் செய்த செயலைக் கருதிப் பார்த்தல் வேண்டும். அவர் ஒதுக்கப்பட்ட குலத்தினர் அல்லர், மேற்சாதியில் பிறந்தவர். பேசாதிருந்தால் அவருக்கு ஒரு குறையும் வந்திராது. நகரின் பொதுவிடங்கள் யாவர்க்கும் திறந்தவை என்று அறிவித்ததோடு அவர் நின்றுவிடவில்லை. மகத் நகரில் மாநாடு கூட்டுமாறு அண்ணல் அம்பேத்கருக்கு அழைப்பும் விடுத்தார். தீர்மானத்தில் கையெழுத்திடுதல் எளிது. அதனை நடத்திக் காட்டுவார் வருக என்று வாயிற்கதவைத் திறத்தல் அத்துணை எளிதன்று. அவர் பெருமை கையெழுத்தில் இல்லை, அவ்வழைப்பிலேயே உள்ளது.

1927 மார்ச்சு 19, 20 ஆகிய நாட்களில் மாநாடு நடைபெற்றது. ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். இரண்டாம் நாள், வெயில் ஏறிய பொழுதில், அம்மக்கள் அம்பேத்கர் தலைமையில் அணிவகுத்துக் குளத்தை அடைந்தனர். அம்பேத்கர் இறங்கி ஒரு கை நீரை அள்ளிப் பருகினார்; பிறரும் பருகினர். அவ்வளவே நடந்தது. அதற்குள், வீரேசுவரர் கோயிலுக்குள்ளும் நுழையப் போகிறார்கள் என்று ஒரு பொய்யுரை நகரெங்கும் பரவியது. தடிகளோடு வந்தோர் மாநாட்டுப் பந்தலில் புகுந்து தாக்கினர். அடிபட்டோர் சிலர்க்கு அன்று கதவு திறந்தவை முசுலிம் வீடுகளே. பின்னர், தீட்டுப்பட்ட குளத்தைத் தூய்மை செய்கின்றோம் என்று மேற்சாதியார் 108 குடங்களில் சாணத்தையும் ஆவின் சிறுநீரையும் தயிரையும் கலந்து அந்நீரிலேயே ஊற்றினர். மாந்தன் கை பட்ட நீர் அழுக்காம். சாணம் கரைத்த நீர் தூயதாம்!

இனி நடந்ததுதான் ஊர்த்தலைவர்கள் மறவாது உள்ளத்தில் இருத்த வேண்டுவது. அதே ஆண்டு ஆகத்து மாதத்தில், மேற்சாதியாரின் நெருக்குதலுக்கு அஞ்சி, மகத் நகராட்சி தன் 1924-ஆம் ஆண்டுத் தீர்மானத்தைத் தானே நீக்கிக்கொண்டது. கொடுத்த கை பறித்துக்கொண்டது. திசம்பரில் அம்பேத்கர் மீண்டும் அங்கு வந்தபோது, குளத்தை அணுகலாகாதென்று முறைமன்றத்தின் இடைக்காலத் தடை காத்திருந்தது. 25-ஆம் நாள் அங்கே மனுநூல் எரிக்கப்பட்டது. குளத்து நீரை மட்டும் தொடவில்லை. வழக்கு பத்தாண்டு நடந்தது. 1937 மார்ச்சில் பம்பாய் உயர்முறைமன்றம், தொன்றுதொட்ட வழக்கம் என்று மேற்சாதியார் கூறியது மெய்ப்பிக்கப்படவில்லை எனத் தீர்ப்பளித்தது. நகராட்சி காக்கத் தவறியதை முறைமன்றம் காத்தது என்று சொல்லலாம். ஆயினும் இடைப்பட்ட பத்து வேனில்களில் வறண்ட தொண்டைகளுக்கு எந்தத் தீர்ப்பு நீர் வார்க்கும்?

இது மராட்டியத்துச் செய்தி, தமிழ் மண்ணுக்கு இதனோடு என்ன உறவு என்று எவரும் தோளைக் குலுக்க வேண்டா. யாதும் ஊரே என்று பாடிய மொழியினர் வாழும் நாட்டில், மதுரை மாவட்டத்து மேலவளவு ஊராட்சியின் தலைவர் பதவி 1996-இல் ஒதுக்கப்பட்ட மக்களுக்கு உரியதாக்கப்பட்டது. அச்சுறுத்தலால் வேட்புமனு கொடுத்தோரே பின்வாங்க நேர்ந்தது. முடிவில் தேர்தல் நடந்து முருகேசன் என்பார் தலைவரானார். தம் நாற்காலியில் அவரால் அமைதியாக ஒருநாள் அமர இயலவில்லை. 1997 சூன் 30 அன்று மதுரையிலிருந்து ஊர் திரும்பும் வழியில் அவரும் அவரோடு ஐவரும் வெட்டிக் கொல்லப்பட்டனர். 2001-இல் பதினேழு பேர்க்கு வாழ்நாள் தண்டனை கிடைத்தது. கொன்றவன் பேசியதும் தமிழ். மாண்டவன் பேசியதும் தமிழ். தூய தமிழில் பேசுவோம் என்பார், தமிழன் ஒருவன் தமிழன் ஒருவனுக்குத் தலைவனாதலைப் பொறாத இவ்வழுக்கைத் தொடாது விட்டுச் செல்வாராயின், அவர் தூய்மை நாவோடு நின்றுபோன தூய்மையே.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளிலோ பத்தாண்டுகள் தேர்தல் பெயரளவிற்கே நடந்தது. வேட்பாளர் இல்லாமல் நின்றது, அல்லது வென்றவரே உடன் பதவி துறந்தார். 2006 அக்டோபரிலேயே அங்கெல்லாம் ஒதுக்கப்பட்ட குலத்துத் தலைவர்கள் பொறுப்பேற்று நிலைத்தனர். ஊர்ப் பெரியோரிடம் அலுப்பின்றிப் பேசிப் பேசியே அம்மாற்றம் கொண்டுவரப்பட்டது. 2021 அக்டோபர் 2 அன்று, அதே பாப்பாபட்டியில் கூடிய ஊர்மன்றக் கூட்டத்தில் நாட்டின் முதலமைச்சரே வந்து மக்களோடு அமர்ந்தார்.