பழி காப்பிக் கொட்டை மேல்!

1793-ஆம் வருஷம். அப்போது அமெரிக்காவின் தலைநகரம் பிலடெல்பியா. ஆகஸ்ட் மாதம் அங்கே மஞ்சள் காய்ச்சல் புகுந்தது. கண்ணும் தோலும் மஞ்சளாகும், கறுப்பாக வாந்தி வரும், சில நாளில் பலர் போய்விடுவார்கள். ஊரில் இருந்தது சுமார் 50,000 பேர். மூன்றே மாதத்தில் ஏறக்குறைய 5,000 பேர் பலி! ஜனாதிபதி வாஷிங்டன் உட்பட ஆயிரக்கணக்கானோர் ஊரைவிட்டே கிளம்பிவிட்டார்கள்.

துறைமுகத்தில் அழுகிக் கிடந்த காப்பிக் கொட்டையின் நாற்றம்தான் காரணம் என்றார் பெஞ்சமின் ரஷ் என்ற பெரிய டாக்டர். சிகிச்சை என்று நோயாளியின் ரத்தநாளத்தைக் கீறி ரத்தத்தை வடித்தார். ஜனங்களோ வினிகரில் நனைத்த துணியை மூக்கில் வைத்துக்கொண்டு நடந்தார்கள், பூண்டை மென்றார்கள், காற்று சுத்தமாகட்டும் என்று துப்பாக்கிகூட வெடித்தார்கள்!

கறுப்பின மக்களுக்கு இந்த நோய் வராது என்று சொல்லி அவர்களை உதவிக்குக் கூப்பிட்டார்கள். ரிச்சர்டு ஆலன், அப்சலோம் ஜோன்ஸ் தலைமையில் அவர்கள் வந்து நோயாளிகளைக் கவனித்தார்கள், பிணங்களைப் புதைத்தார்கள். அவர்களிலும் நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள்.

உறைபனி வந்ததும் காய்ச்சல் அடங்கியது. காரணம், நோயைப் பரப்பிய கொசு செத்தது! கொசுதான் நோயைப் பரப்புகிறது என்பது நிரூபணமாக 1900 வரை ஆயிற்று.

ஏடிஸ் என்ற அதே கொசுதான் இன்று நமக்கு டெங்குவைக் கொண்டுவருகிறது. தேங்கிய நல்ல தண்ணீர்தான் அதற்குப் பிடித்த இடம். இன்றைக்கே தண்ணீர்த் தொட்டியை மூடுங்கள். கொல்லையில் கிடக்கும் கொட்டாங்கச்சியைக் கவிழ்த்துப் போடுங்கள்.