இடுப்பு வலிக்குக் கத்திதானா?

தோழர்களே! பால் வாளி தூக்கும் நமக்கு இடுப்பு. பேரேட்டில் குனியும் கிராணிமாருக்குக் கழுத்து. வலியில் மட்டும் நமக்குள் பேதமில்லை!

ஆஸ்பத்திரிக்குப் போனால் கத்திதான் என்று லயத்தில் அஞ்சுகிறோம். அது தவறு. பெரும்பாலான இடுப்பு வலி 6 வாரத்துக்குள் தணிந்துவிடும். படுத்தே கிடக்காமல் மெல்ல நடமாட வேண்டும். முதுகெலும்புகளுக்கு நடுவேயுள்ள வட்டு பிதுங்கி நரம்பை அழுத்தினால் வலி காலுக்கு இறங்கும். அதுவும் பலருக்கு அறுவையின்றியே குறையும். குறையாதவர்க்குப் பிதுங்கிய துண்டை எடுப்பார்கள். அது கால் வலியைத் தணிக்கும் அளவு இடுப்பு வலியைத் தணிப்பதில்லை. கையெழுத்திடுமுன் இதை டாக்டரிடம் கேட்போம்.

ஆனால் சிறுநீர் அடைத்தாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, கால் துவண்டாலோ, சம்பளம் போகுமே என்று தைலம் தேய்த்துக்கொண்டிராமல் அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.