சீனக் கடனும் கிள்ளான் ரயிலும்
(கிள்ளான் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



சீன மூலதனம் நல்லதா, கெட்டதா என்று பலர் கேட்கிறார்கள். அந்நிய மூலதனம் நமக்குப் புதிதன்று. 1886-ல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றோரம் புக்கிட் கூடா வரை ரயில் போட்டார்கள். ஈயம் கப்பலேறியது, பின்னால் ரப்பரும் ஏறியது. நம்மவர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே வீடுகளிலும் தோட்டத்து லயங்களிலும் குடியேறினார்கள். லாபம் லண்டனுக்குப் போயிற்று. ஆகவே, பணம் எந்த நாட்டுடையது என்பதைவிடப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதே நமக்கு முக்கியம்.

இலங்கையைப் பாருங்கள். 1951-ல் ஐக்கிய நாடுகள் சபையின் தடையால் மலாயா ரப்பர் சீனாவுக்குப் போவது நின்றது. இலங்கையோ 1952-ல் சீனாவுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது: ஆண்டுக்கு 50,000 டன் ரப்பர் கொடுத்து 2,70,000 டன் அரிசி வாங்குவது. ரப்பருக்குச் சந்தை விலைக்கு மேல் கிடைத்தது. பால் வெட்டியவன் கையில் பேரம் பேசும் சரக்கு இருந்த காலம் அது! அதே இலங்கை 2017-ல் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் விட்டது. சீனக் கடன் ஒன்றே காரணம் என்பது சரியல்ல. மற்ற வெளிநாட்டுக் கடன்களின் தவணையும் கழுத்தை நெரித்தது. ஆனாலும் குத்தகைக்குப் போனது துறைமுகம்தான்.

நம் வீட்டு வாசலுக்கு வருவோம். கோத்தா பாருவிலிருந்து கிள்ளான் துறைமுகம் வரையிலான கிழக்குக்கரை ரயில் திட்டத்துக்கு 2016-ல் கையெழுத்தாயிற்று. செலவில் நூற்றுக்கு 85 பங்கு சீன எக்ஸிம் வங்கிக் கடன். 2018 ஜூலையில் புதிய அரசாங்கம் வேலையை நிறுத்தியது. 2019 ஏப்ரலில் மீண்டும் உட்கார்ந்து பேசினார்கள். 6,550 கோடி வெள்ளி 4,400 கோடியாக இறங்கியது! கட்டுமான வேலையில் உள்ளூர் ஒப்பந்தக்காரர் பங்கு நூற்றுக்கு 30-லிருந்து 40 ஆயிற்று. ரயில் ஓட்டும் செலவிலும் நஷ்டத்திலும் பாதியைச் சீனக் கம்பெனி தாங்கவும் சம்மதித்தது. பின்னர் 2021-ல் பாதை மாறி, செலவு மறுபடி 5,000 கோடியைத் தாண்டியது வேறு கதை.

முதல் விலைதான் கடைசி விலை என்று எழுதியவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்? வேலை நிறுத்தினால் துரை பேச வருவார் என்பது நமக்குத் தெரிந்த பாடம். அதை ஓர் அரசாங்கமும் செய்து பார்த்தது.

ஆனால் அந்தப் பேச்சில் நமக்கு ஒரு நாற்காலி போடவில்லை. 40 பங்கு என்றால் ஒப்பந்தக்காரருக்கு 40. அவர் யாரைக் கூலிக்கு வைக்கிறார், சேமநிதி கட்டுகிறாரா, சொக்சோ உண்டா? திட்டத்துக்கென்றே பயிற்சி வகுப்புகள் நடத்தினார்கள். தோட்டம் துண்டாடப்பட்டு வெளியேறிய நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த வகுப்பில் உட்கார்ந்தார்கள்? கிளைச் செயலாளர்கள் இந்தக் கணக்கை எடுங்கள். பெயர், வயது, தோட்டம், படிப்பு, இப்போது செய்யும் வேலை, இவ்வளவும் ஒரு தாளில் வேண்டும். கிராணிமார்கள் எழுதிக் கொடுங்கள். அந்தத் தாளோடுதான் மனிதவள அமைச்சின் கதவைத் தட்ட வேண்டும்.